கேட்பவருக்கு மட்டும்தானா வரிச் சலுகை?

தனிநபர்கள் 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு 2025 செப்டம்பர் 15 என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. வழக்கமாக ஜூலை 31-இல் முடியும் கெடுவை மத்திய நேரடி வரிகள் வாரியம் 2025 மே மாதமே நீட்டித்துவிட்டது. கெடு நெருங்கியபோது நகரங்களில் தணிக்கையாளர் அலுவலகங்கள் இரவு பகலாக இயங்கின. ஆனால், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலையில் இந்தப் பரபரப்பின் சுவடே இல்லை. அங்கு வரி கட்டுவோர் இல்லாததால் நிலவும் அமைதி அல்ல இது. வரி பிடிக்கப்பட்டவர்கள் அதைத் திரும்பக் கேட்கலாம் என்பதை அறியாததால் நிலவும் அமைதி.

கல்வராயன்மலை என்றதும் நினைவுக்கு வருவது வேறு செய்திகள்தாம். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை. நெருக்கடிநிலைக் காலத்தில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவமனை, பள்ளி, குடும்ப அட்டை என அங்கு பேசப்பட்டவை எல்லாம் அடிப்படைத் தேவைகள். அவற்றின் நடுவே வருமான வரியைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆயினும், அரசு தன் குடிமக்களை எவ்வாறு கற்பனை செய்து வைத்திருக்கிறது என்பதை வரிச் சட்டத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை என்பதால் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் சில சொற்களைப் பிரித்தறிவோம். வருமானத்தில் ஒரு பகுதியை வரிக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம் என்பது விலக்கு. சேர்த்த பிறகு, குறிப்பிட்ட செலவு அல்லது சேமிப்புக்காகக் குறைத்துக்கொள்வது கழிவு. வரியைக் கணக்கிட்ட பின்னர், அந்த வரித் தொகையிலேயே குறைப்பது தள்ளுபடி. சம்பளம் தரும் அலுவலகமோ, வட்டி தரும் வங்கியோ, ஒப்பந்தத் தொகை தரும் நிறுவனமோ முன்கூட்டியே பிடித்து அரசுக்குச் செலுத்துவது மூலவரி, அதாவது டி.டி.எஸ். இது நம் பெயரில், நம் பான் எண்ணில் வரவு வைக்கப்படுகிறது. கட்ட வேண்டிய வரியைவிட இந்த வரவு கூடுதலாக இருந்தால் மிச்சம் நமக்கே உரியது. ஆனால், அது தானாக வீடு தேடி வருவதில்லை. கணக்குத் தாக்கல் செய்து கேட்க வேண்டும்.

இந்த 'கேட்க வேண்டும்' என்ற நிபந்தனையில்தான் மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான வேறுபாடு அடங்கியிருக்கிறது.

அண்மையில் வெள்ளிமலையில் சில ஆசிரியர்களுடன் பேசியபோது, 'படிவம் 16 வந்துவிட்டது, வரியையும் பிடித்துவிட்டார்கள், அதோடு வேலை முடிந்தது' என்றே பலரும் கூறினர். முடிந்துவிடவில்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியை ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 8,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எந்த முறை வேண்டும் என்று அவர் தெரிவிக்காவிட்டால் சம்பளம் வழங்கும் அலுவலகம் புதிய வரி முறையையே பின்பற்றும். நிலையான கழிவான 75,000 ரூபாய் போக வரிக்குரிய வருமானம் 7,65,000 ரூபாய். 2024-25 நிதியாண்டின் விகிதப்படி வரி 26,500 ரூபாய். 4 சதவீத கூடுதல் தீர்வையுடன் 27,560 ரூபாய். இத்தொகை சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருக்கும்.

இப்போது அவருடைய வீட்டுக்குள் சென்று பார்ப்போம். சேமநிதி, ஆயுள் காப்பீடு என 80-சி பிரிவில் 1,50,000 ரூபாய் சேமித்திருக்கிறார். அடிவாரத்தில் கட்டிய வீட்டின் கடனுக்கு 70,000 ரூபாய் வட்டி கட்டியிருக்கிறார். மாற்றுத்திறனாளியான தம்பி அவருடைய பராமரிப்பில் இருக்கிறார். 80-டிடி பிரிவின் கீழ் அதற்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு. பழைய முறையில் நிலையான கழிவு 50,000 ரூபாய். இவற்றையெல்லாம் கூட்டினால் 3,45,000 ரூபாய். வரிக்குரிய வருமானம் 4,95,000 ரூபாயாகக் குறைகிறது. பழைய முறையில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு 87-ஏ பிரிவின்படி முழுத் தள்ளுபடி. ஆக, அவர் கட்ட வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட இல்லை. பிடிக்கப்பட்ட 27,560 ரூபாயும் அவருக்கே திரும்ப வேண்டும்.

அலுவலகம் புதிய முறையில் வரி பிடித்திருந்தாலும், தொழில் வருமானம் இல்லாத ஒருவர் கணக்குத் தாக்கல் செய்யும்போது பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால், உரிய கெடுவுக்குள் தாக்கல் செய்தால் மட்டுமே இந்த வாய்ப்பு. கெடுவைத் தாண்டினால் 2025 டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குத் தாக்கல் செய்ய வழி இருந்தது. பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. தம்பிக்கான கழிவும் போய்விடும்; 27,560 ரூபாயும் போய்விடும்; வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டுவதால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணமும் சேரும். ஒரு தேதியை அறியாமல் போனதற்கு ஒரு மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதியை ஈடாகத் தர நேரும்.

சம்பளக்காரர்கள் மலையில் சிறுபான்மையினரே. ஆண்டின் சில மாதங்கள் கேரளத்திலும் கர்நாடகத்திலும் தோட்ட வேலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் அங்கு ஏராளம். அவர்களை அழைத்துச் செல்லும் மேஸ்திரியின் நிலையைப் பாருங்கள். பதினைந்து பேரின் கூலியைத் தோட்ட நிறுவனம் ஒப்பந்தத் தொகையாக அவருடைய ஒரே வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. அத்தொகை ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் ஒரு சதவீத மூலவரி பிடிக்க வேண்டும். ஆறு லட்சம் ரூபாய்க்கு 6,000 ரூபாய். அவருடைய பான் எண் ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தால் பிடித்தம் 20 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய். 2023 ஜூன் 30-க்குள் இணைக்கப்படாத பான் எண்கள் அதே ஆண்டு ஜூலை முதல் செயலிழந்தவையாகக் கருதப்படுகின்றன. அந்த ஆறு லட்சத்தில் பெரும்பகுதி மற்றவர்களின் கூலி. ஆனால், வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அது முழுவதும் மேஸ்திரியின் வரவாகவே தோன்றும். கூலியாகக் கொடுத்ததற்குப் பதிவேடு வைத்து, அதைச் செலவாகக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் உண்மை நிலை புலப்படும். பிடித்த பணமும் திரும்பும்.

விவசாயிக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கலாம். வேளாண் வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு என்பது உண்மையே. மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கைச் சேகோ ஆலைக்கு விற்றுக் கிடைக்கும் பணத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால், காட்டில் தானாக வளர்ந்த மரத்திலிருந்து பொறுக்கிய கடுக்காயை விற்றால் அது சட்டத்தின் கண்ணில் வேளாண் வருமானம் அல்ல. நிலத்தில் மனித உழைப்பு செலுத்திச் சாகுபடி செய்திருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1957-இல் ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் தெளிவுபடுத்தியது. சமவெளி விவசாயியை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட இந்த இலக்கணம், காடும் வயலும் ஒன்றாகக் கலந்த மலை வாழ்க்கையை இரண்டாக வெட்டுகிறது. கடுக்காய் விற்பவரின் வருமானம் வரி வரம்பை எட்டுவதே அரிது என்பதால் இதனால் நடைமுறையில் பெரிய இழப்பில்லை. ஆனால், சட்டம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதை இது காட்டுகிறது.

இதைவிட வெளிப்படையான வேறுபாடு ஒன்றும் உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(26) பிரிவு, குறிப்பிட்ட பகுதிகளில் வசிக்கும் பட்டியல் பழங்குடியினர் அப்பகுதிகளில் ஈட்டும் வருமானத்துக்கு முழு விலக்கு அளிக்கிறது. அரசமைப்பின் ஆறாவது அட்டவணையில் உள்ள பழங்குடிப் பகுதிகள், நாகாலாந்து, மணிப்பூர், திரிபுரா, அருணாசலப் பிரதேசம், மிசோரம், லடாக் ஆகியவை அதில் அடங்கும். கல்வராயன்மலையில் வாழும் மலையாளிகளும் பட்டியல் பழங்குடியினரே. ஆனால், தமிழ்நாட்டில் ஆறாவது அட்டவணைப் பகுதியும் இல்லை, ஐந்தாவது அட்டவணைப் பகுதியும் இல்லை. மேகாலயத்தின் மலைக்கிராமம் ஒன்றில் பணியாற்றும் காசி பழங்குடி ஆசிரியைக்கு வரி இல்லை. அதே சம்பளம் வாங்கும் வெள்ளிமலையின் மலையாளி ஆசிரியைக்கு வரி உண்டு. இருவரும் பழங்குடியினர், இருவர் வாழ்வதும் மலை. விலக்கைத் தீர்மானிப்பது அவர்களுடைய நிலைமை அல்ல, வரைபடம்.

இந்த விலக்கைத் தமிழகப் பழங்குடியினருக்கும் நீட்டிக்க வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆயினும், அதுவே முதன்மையான தீர்வு என்று நான் கருதவில்லை. முழு விலக்கு அதிகச் சம்பளம் பெறுவோருக்கே அதிகப் பயன் தரும். மேலும், 2025-26 நிதியாண்டில் புதிய முறையின்கீழ் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு 60,000 ரூபாய் வரை தள்ளுபடி கிடைப்பதால் வரியே இல்லை. சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவையும் சேர்த்தால் இந்த வரம்பு 12.75 லட்சம் ரூபாய். மலையில் பணிபுரியும் பெரும்பாலான ஆசிரியர்களும் செவிலியர்களும் வனக்காவலர்களும் இதற்குள் அடங்கிவிடுவர்.

அப்படியானால் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிட்டதே என்று கேட்கலாம். இங்குதான் புதிய குழப்பம் தொடங்குகிறது. '12 லட்சம் வரை வரி இல்லை' என்ற அறிவிப்பை '12 லட்சம் வரை கணக்குத் தாக்கல் தேவையில்லை' என்று புரிந்துகொண்டவர்கள் பலர். இரண்டும் ஒன்றல்ல. தள்ளுபடி என்பது வரியைக் கணக்கிட்ட பின் கிடைப்பது. 2025-26 நிதியாண்டில் புதிய முறையின் அடிப்படை விலக்கு வரம்பு நான்கு லட்சம் ரூபாய்தான்; அதைத் தாண்டிய வருமானம் உள்ளவர், வரி பூஜ்யமாக இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். 2024-25 நிதியாண்டுக்கு அந்த வரம்பு மூன்று லட்சம் ரூபாய். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும், ஓராண்டில் பிடிக்கப்பட்ட மூலவரி 25,000 ரூபாயை எட்டினால் தாக்கல் கட்டாயம். மூத்த குடிமக்களுக்கு இது 50,000 ரூபாய். நம் மேஸ்திரி வரி கட்டத் தேவையில்லாதவராக இருந்தும் கணக்குத் தாக்கல் செய்யக் கடமைப்பட்டவராகிறார். அந்தக் கடமையை அவருக்குச் சொல்வார் யாருமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2025 ஜூலை 14-ஆம் தேதி வருமான வரித் துறை நாடெங்கும் சுமார் 150 இடங்களில் சோதனை நடத்தியது. இல்லாத வாடகை, கொடுக்காத நன்கொடை, கட்டாத கல்விக்கடன் வட்டி ஆகியவற்றைக் காட்டிப் பெருந்தொகையைத் திரும்பப் பெற்றுத் தந்த இடைத்தரகர்களே அதன் இலக்கு. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் மதிப்புள்ள தவறான கோரிக்கைகளைத் தாமாகவே திரும்பப் பெற்றதாகவும் துறை தெரிவித்தது. உரிமையில்லாதவர் தரகர் வழியாகக் கேட்டுப் பெறுகிறார். உரிமையுள்ளவர் கேட்கத் தெரியாமல் இழக்கிறார். அதிகாரபூர்வ உதவி எட்டாத இடத்துக்கு முதலில் வந்து சேர்பவர் தரகர்தான். 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், அதில் இத்தனை சதவீதம் எனக்கு' என்று ஒருவர் மலையேறி வரும்போது, பின்னாளில் வரும் நோட்டீஸ் தரகருக்கு அல்ல, கையெழுத்திட்டவருக்கே வரும்.

வரித் தாக்கலை எளிமைப்படுத்திவிட்டோம் என்று அரசு சொல்வதில் பொய்யில்லை. சம்பளம், வட்டி, மூலவரி விவரங்கள் முன்கூட்டியே நிரப்பப்பட்ட படிவம் இன்று இணையத்தில் கிடைக்கிறது. ஆனால், அந்தப் படிவத்தைத் திறக்கக் கைப்பேசிக்கு வரும் கடவுச்சொல் வேண்டும்; அதற்கு அலைவரிசை வேண்டும். தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் சரிபார்ப்பை முடிக்க வேண்டும்; சரிபார்க்கப்படாத தாக்கல் பயனற்றுப்போகும். கல்வராயன்மலையின் பல கிராமங்களில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மேடு தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திட்டு பெங்களூரில் உள்ள மையச் செயலாக்க மையத்துக்கு அஞ்சலில் அனுப்பினாலும் சரிபார்ப்பு செல்லும் என்ற வழி இன்னும் இருக்கிறது. அது இணைய வசதியில்லாதவருக்கே மிகவும் பயன்படும். அவருக்கே அது தெரிவதில்லை.

இத்தருணத்தில் ஒரு நல்ல செய்தியையும் குறிப்பிட வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான புதிய வருமான வரிச் சட்டம் 2025 ஆகஸ்ட் 21-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அது நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் தாக்கலான முதல் மசோதாவில், கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் மட்டுமே கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பக் கோர முடியும் என்ற விதி இருந்தது. அது அப்படியே நிறைவேறியிருந்தால் மிகப் பெரிய இழப்பு சிறு வருமானக்காரர்களுக்கே நேர்ந்திருக்கும். நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதை நீக்கப் பரிந்துரைத்தது, அரசும் ஏற்றுக்கொண்டது. தாமதம் உரிமையைப் பறிக்கக் கூடாது என்ற கொள்கை நிலைத்திருக்கிறது. விட்டுப்போன பழைய ஆண்டுகளுக்கும், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி விண்ணப்பிக்க வழியுண்டு. ஆனால், அந்த விண்ணப்பத்தை எழுதவும் ஒருவர் வேண்டுமே.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் குறைந்த ஊதியத்தில் உழைப்போருக்கு, கட்டிய வரிக்கும் மேலாகவே பணம் தரும் வரி வரவுத் திட்டம் 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்குத் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும் என்பதால், தகுதியுள்ள ஐவரில் ஒருவர் அதைப் பெறாமலேயே இருக்கிறார். அதனால்தான் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இலவசமாகக் கணக்குத் தாக்கல் செய்துதரும் ஏற்பாட்டை அந்நாட்டு வரித் துறை பல பத்தாண்டுகளாக நடத்தி வருகிறது. பிரிட்டனில் சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருந்தால், கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கும் ஆண்டு முடிவில் வரித் துறையே கணக்கிட்டுக் கடிதம் அனுப்புகிறது. ஒரு நாடு உதவியைக் கேட்பவரிடம் கொண்டுபோகிறது. மற்றொன்று கேட்கும் சுமையையே குறைக்கிறது.

இரண்டும் நமக்கு இயலாதவை அல்ல. கணக்குத் தாக்கலுக்கு உதவப் பட்டதாரிகளைப் பயிற்றுவித்து அனுப்பும் திட்டத்தை வருமான வரித் துறையே 2006-இல் தொடங்கியது. அத்தகைய பயிற்சி பெற்றவர்களைக் கெடுவுக்கு முந்தைய வாரங்களில் வெள்ளிமலை வட்டாட்சியர் அலுவலகத்தில் சில நாள்கள் அமர்த்துவது பெரும் செலவில்லை. பான் - ஆதார் இணைப்பையும் அதே முகாமில் முடித்துக்கொள்ளலாம். சம்பளம் வழங்கும் அலுவலர்கள், பிப்ரவரியில் இறுதிப் பிடித்தம் செய்யும் முன்பே இரு முறைகளிலும் வரியைக் கணக்கிட்டு, தமிழில் ஒரு பக்கத் தாளாக ஊழியருக்குத் தர வேண்டும். எது குறைவு என்று தெரிந்தால் தேர்வு செய்வது அவர் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவருடைய சம்பளம், வட்டி, ஒப்பந்த வரவு அனைத்தும் வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. மொத்த வருமானம் அடிப்படை வரம்புக்குக் கீழே இருக்கிறது, மூலவரியும் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று அந்த அறிக்கையே சொல்லும்போது, 'உங்களுக்கு இவ்வளவு திரும்ப வேண்டும், சம்மதமா?' என்று துறையே கேட்கலாம். வரி பாக்கியை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த துறைக்கு, திருப்பித் தர வேண்டியதை நினைவூட்டவும் தெரியும்.

இந்த மாற்றங்கள் வரும்வரை காத்திருக்கக் கெடுத் தேதிகளுக்குப் பொறுமை இல்லை. எனவே மலையில் பணியாற்றும் அரசு ஊழியர்களுக்கும், அங்கு உறவோ நட்போ உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிவம் 16-ஐயும் 26-ஏஎஸ் அறிக்கையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிடிக்கப்பட்ட வரி இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா, பழைய முறையில் வரி குறைகிறதா என்ற இரு கேள்விகளுக்குக் கெடுவுக்கு முன்பே விடை காணுங்கள். வங்கி வைப்பு வட்டியில் மூலவரி பிடிக்கப்பட்ட முதியவர் யாரேனும் பக்கத்து வீட்டில் இருந்தால், அவருடைய வருமானம் வரம்புக்குள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவருக்குக் கெடு தவறினாலும் தாமதக் கணக்குத் தாக்கல் செய்ய வழியுண்டு. மொத்த வருமானம் வரம்புக்குள் இருந்தால் தாமதக் கட்டணமும் இல்லை. அடுத்த ஆண்டும் பிடிக்காமலிருக்க அதற்குரிய படிவத்தை வங்கியில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அரசிடமிருந்து உதவித்தொகையோ இலவசமோ கேட்கும் விஷயம் அல்ல இது. தன் உழைப்பிலிருந்து கூடுதலாக எடுக்கப்பட்டதைத் திரும்பப் பெறும் விஷயம். அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளான ஒரு மலையில், வரியைப் பிடிக்கும் கை எட்டிய தொலைவுக்கு அதைத் திருப்பித் தரும் கையும் எட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமானதே.